எஃப்1 அழுத்தித் தொடர்க

மேசைக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியவுடன் தூசியின் அடியில் தென்படும் பெரிய மின்சுற்றுப் பலகை பாடநூல்களில் தாய்ப்பலகை என்றும், பாடநூல் படிக்காத ஏனைய இடங்கள் அனைத்திலும் மதர்போட் என்றும் வழங்கப்படுகிறது. அதில் பதிக்கப்பட்ட ஒரு சிறு சிப்பினுள் குடியிருந்து, மின்சாரம் வந்த கணத்தில் விண்டோஸுக்கு முன்பாகவே விழித்து, நினைவகம் உண்டா, விசைப்பலகை உண்டா, வன்தட்டு எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று கணக்கெடுத்து, அதன் பின்னரே பொறுப்பை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நிரலுக்குப் பயோஸ் என்று பெயர். கேரி கில்டால் என்ற அமெரிக்கர் 1970களின் நடுப்பகுதியில் எழுதிய சீபீஎம் இயங்குதளத்தில் முதலில் வழங்கிய இப்பெயர், 1981 இல் ஐபிஎம் கணினியோடு உலகைச் சுற்றப் புறப்பட்டு, காலப்போக்கில் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரையும் வந்தடைந்தது. யூஇஎஃப்ஐ என்ற புதிய ஏற்பாட்டுக்கு இடம்விட்டு உலகின் பெரும்பகுதியில் அது ஓய்வுபெற்றுவிட்டது. பழைய பயோஸுக்கான ஆதரவை 2020 உடன் முடித்துக்கொள்ளப்போவதாக இன்டெல் நிறுவனம் 2017 இல் அறிவித்தும்விட்டது. மூதூரில் மட்டும் அதற்கு ஆண்டுதோறும் சேவை நீடிப்பு வழங்கப்பட்டு வருகிறது.

இந்நீடிப்பு கஞ்சத்தனத்தால் வழங்கப்படுகிறது என்று கருதுவோர் உளர். கடந்த கிழமையும் ஒருவர், எவரும் கேளாமலேயே, "இதத் தூக்கி எறிஞ்சிட்டு ஒரு லெப்டொப் எடுங்க சேர்" என்று சொல்லிவிட்டுத் தேநீரும் குடித்துச் சென்றார். அவ்வாறு சொல்வோருக்கு, பாமினி எழுத்துருவில் அடித்துப் பேஜ்மேக்கரில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள கூட்ட அறிக்கைகள், மரண அறிவித்தல்கள், கந்தூரி அழைப்பிதழ்கள், திருவிழாத் துண்டுப்பிரசுரங்கள் ஆகியவற்றின் கதி பற்றிக் கவலையில்லை. புள்ளியச்சுப் பொறியின் இருபத்தைந்து ஊசிக் கம்பி எந்த லெப்டொப்பின் எந்த விலாவில் செருகப்படும் என்று திருப்பிக் கேட்டால் அவர்களுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிடும். பலகையின் உறுப்புகளுக்கிடையே தகவலைக் கடத்தும் துணைச் சில்லுகளின் தொகுதிக்குச் சிப்செட் என்று பெயர். 2007 இல் வெளியான ஜி31 என்ற சிப்செட்டைத் தாங்கிய பலகைகள் இன்றும் கடிதம் அடிக்கின்றன. கடிதம் அடிப்பதற்கு அதற்கு மேற்பட்ட மூளை எந்த அலுவலகத்திலும் தேவைப்பட்டதில்லை.

இத்தகைய பலகைகளில் பயோஸ் கோளாறு இரண்டு இடங்களில் பிறக்கிறது. நிரல் எழுதப்பட்டுள்ள சிப்பே பழுதடைவது ஒன்று. பயனர் தெரிவுசெய்த அமைப்புகளையும் நேரத்தையும் திகதியையும் நினைவில் வைத்திருக்கும் சீமோஸ் என்ற சின்னஞ்சிறு நினைவகம், தனக்கு ஊட்டமளிக்கும் வட்டப் பற்றறி தீர்ந்துபோனமையால் யாவற்றையும் மறந்துவிடுவது மற்றையது. இந்த ஏற்பாடு 1984 இல் ஐபிஎம் ஏடி கணினியோடு வந்தது. சிஆர்2032 எனப்படும் அப்பற்றறி 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டு 3 வோல்ற்று தருவது. அதன் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலையை எட்டாது. கணினியைத் திறக்காமலேயே இவ்விரு கோளாறுகளையும் பிரித்தறிவதற்கு உறுதியான முறையொன்று உண்டு. அதை விளக்குமுன், எஃப்1 விசையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு அவசியமாகிறது.

பற்றறி தீர்ந்த கணினியை இயக்கினால், சீமோஸின் கூட்டுத்தொகை பிழைத்துவிட்டது, தொழிற்சாலை அமைப்புகள் ஏற்றப்பட்டுள்ளன, தொடர்வதற்கு எஃப்1 ஐ அழுத்துக என்னும் பொருளில் கறுப்புத் திரையில் ஓர் அறிவித்தல் தோன்றும். கூட்டுத்தொகை என்பது சேமித்த எண்களையெல்லாம் கூட்டி, முன்பு குறித்துவைத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. எஃப்1 ஐ அழுத்தினால் கணினி தொடர்கிறது. தொடர்வதால் மறுநாளும் அழுத்தப்படுகிறது. பற்றறியை இன்றைக்கே மாற்றிவிட வேண்டும் என்ற தீர்மானம் விசையை அழுத்தும்போது ஏகமனதாக நிறைவேற்றப்பட்டு, விண்டோஸ் சின்னம் தோன்றியதும் ஏகமனதாகக் கைவிடப்படுகிறது. சில மாதங்களில் கோளாறு என்ற தரத்திலிருந்து நடைமுறை என்ற தரத்துக்கு அது பதவி உயர்ந்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைக்குக் கோப்பு அலுமாரியைக் காட்டுமுன் எஃப்1 காட்டப்படுகிறது. "சுவிச்சப் போட்டா இங்கிலீசுல எழுத்து வரும் மகள், வாசிக்கத் தேவல்ல, இத அமத்துங்க" என்ற ஒரே வாக்கியத்தில் பயிற்சி முழுமை பெறுகிறது. பிழை அறிவித்தல் வாசிக்கப்படாதிருக்கும் பொருட்டே எழுதப்படுகிறது என்ற கொள்கை அப்பிள்ளையின் உள்ளத்தில் அன்றே வேரூன்றி, ஓய்வூதியம் பெறும்வரை நிலைக்கிறது.

அழுத்த அழுத்த எஃப்1 இன் எழுத்து முதலில் மங்கிப் பின்னர் மறைகிறது. அதன் பின் அவ்விசை, எழுத்தில்லாத விசை என்ற புதிய பெயரால் அறியப்படுகிறது. அழுத்தும் உரிமையும் மெல்ல மெல்ல ஒருவரிடம் சென்று சேர்கிறது. காலையில் முதலில் வருபவர், சுவிச்சைப் போட்டு, எஃப்1 ஐ அழுத்தி, யன்னலைத் திறந்து, தும்புத்தடியை மூலையில் வைத்த பின்னரே அலுவலகம் திறந்ததாகக் கொள்ளப்படும். அவர் லீவில் நிற்கும் நாளில் கணினி அவ்வறிவித்தலைத் தாங்கியபடி நண்பகல்வரை பொறுமையாக நிற்க, ஏனையோர் அதைச் சூழ்ந்து நின்று, வைரஸ் புகுந்துவிட்டதாக முடிவு செய்கின்றனர். விசைப்பலகையின் செருகி தளர்ந்துவிட்டாலோ விடயம் தத்துவ நிலையை அடைகிறது: விசைப்பலகை காணப்படவில்லை, தொடர்வதற்கு எஃப்1 ஐ அழுத்துக என்று பயோஸ் கேட்கிறது. இவ்வாக்கியத்தை எழுதிய பொறியியலாளர் இலங்கையில் பிறந்திருந்தால், தொலைந்துபோன அடையாள அட்டைக்கான விண்ணப்பத்துடன் அந்த அட்டையின் பிரதியையும் இணைக்கக் கோரும் படிவம் ஒன்றைத் தயாரித்து, அதன் பயனாக ஒரு திணைக்களத்துக்கே தலைவராகியிருப்பார்.

எஃப்1 இலிருந்து விடுதலை பெறப் பயோஸுக்குள்ளேயே வழியுண்டு என்று கற்றோர் கூறுவர். அமைப்புப் பக்கத்தில், எப்பிழைக்கு நிற்க வேண்டும் என்று வினவும் ஒரு வரி இருக்கிறது. அதில் எப்பிழைக்கும் நிற்க வேண்டாம் என்று தெரிவுசெய்து சேமித்தால் கணினி இடையில் நில்லாமல் செல்லும். கேட்பதற்கு இனிமையான இந்த யோசனையில் ஒரேயொரு குறை உண்டு. அத்தெரிவும் சீமோஸிலேயே சேமிக்கப்படுகிறது. சீமோஸோ, பற்றறி இல்லாமையால், சுவிச்சு அணைந்ததும் அதையும் சேர்த்து மறந்து, மறுநாட்காலை எஃப்1 ஐக் கேட்கிறது. மறதியைப் பொருட்படுத்தாதே என்ற கட்டளை மறந்துபோகும் இவ்வமைப்பைப் பற்றி வேதாந்திகள் எழுதாமலிருப்பது வியப்புக்குரியது.

மறந்த பலகை, தன் பயோஸ் எழுதப்பட்ட காலத்தை ஒட்டிய ஏதோவொரு திகதியையே நிகழ்காலமாகக் கொண்டு விழிக்கும். 2009 ஜனவரி 1 என்று விழிக்கும் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டால், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் அதே ஆண்டு ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டதாகையால், அப்பலகையின் கணக்கில் மூதூரிலிருந்து தரைவழியே திருகோணமலைக்குப் புறப்படுபவர் இன்னும் பாதை எனப்படும் மிதவைக்காகத் துறையில் காத்து நிற்கிறார். அந்த ஆண்டில் அதற்குப் பின் நடக்கவிருந்த ஏனையவை பற்றி அதனிடம் எவரும் வாய் திறக்காதிருப்பது நல்லது. இந்நிலையில் இணையத்துக்குச் சென்றால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் எதிர்காலத்தில் வழங்கப்பட்டவையாகத் தோன்றுவதால், கடிகாரம் பின்தங்கியுள்ளது என்று உலாவி கண்டித்துக் கதவை மூடுகிறது. தானாகத் திகதியிடும் கடிதங்களோ 2009 ஐத் தாங்கி வெளியேறி, பெற்றுக்கொண்ட அலுவலகத்தில் ஒருவரும் வாசிக்காமையால் முறையாகக் கோவைப்படுத்தப்படுகின்றன.

இதற்கெல்லாம் உண்மையான குற்றவாளி பற்றறி மட்டுமன்று. சுவரிலுள்ள சுவிச்சு போடப்பட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், அதன் மின்வழங்கி 5 வோல்ற்றுக் காத்திருப்பு மின்னைப் பலகைக்குச் சொட்டுச் சொட்டாக ஊட்டிக்கொண்டிருக்கும். செத்த பற்றறியுள்ள சீமோஸும் அதில் காலந்தள்ளும். ஆகவே பற்றறி செத்தமை பல மாதங்களுக்கு வெளிப்படாமல் இருக்கலாம், மாலையில் வீட்டுக்குப் போகுமுன் எல்லாச் சுவிச்சுகளையும் அணைத்துச் செல்லும் சிக்கனக்காரர் ஒருவர் அங்கே இடமாற்றம் பெற்று வரும்வரை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலமாக நீண்டபோது சிக்கனக்காரர்களின் தேவையும் இல்லாமற்போய், பலகைகள் ஒரே நாளில் பலமுறை பழைய புத்தாண்டைக் கொண்டாடின. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டமையால் நாடு முழுவதும் இருண்டதாக அரசு விளக்கமளித்தது. சுவிச்சை அணைக்காமல் விட்டுச்சென்றவர்களின் பலகைகளும் அன்று நினைவிழந்தன. திங்கட்கிழமை எஃப்1 ஐ அழுத்தியோரில் பலருக்கு அதன் பின்னணியில் இருந்தது யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

தொழிற்சாலை அமைப்பு ஏற்றப்படுவதால் விளையும் இன்னொரு கேடு கவனிக்கத்தக்கது. வன்தட்டோடு பேசுவதற்குப் பயோஸுக்கு ஏஎச்சிஐ, ஐடிஈ என இரு முறைகள் உண்டு. முன்னையதில் நிறுவப்பட்ட விண்டோஸைப் பின்னையதில் எழுப்பினால் அது நீலத்திரையைக் காட்டி விழும். பயோஸில் ஒரு வரியை மாற்றினால் எழுந்துவிடும். ஆனால் மாற்றப்படுவது அவ்வரியன்று; "மதர்போட் போயிட்டு" என்ற தீர்ப்பு வழங்கப்பட்டு, கணினி ஒரு பழைய சேலையில் சுற்றப்பட்டுத் திருகோணமலைக்கு அனுப்பப்படுகிறது. பழுதுபார்ப்பதற்காக ஓரிடத்தில் நிறுத்தப்பட்டது உரிய காலத்தில் திரும்பாது என்பதற்கு மூதூரில் பழமையான சான்று உண்டு. 1659 நவம்பரில் புயலில் பாய்மரத்தை இழந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் சீர்செய்துகொள்ளவே கொட்டியாரக் குடாவுக்குள் நுழைந்தது. 1660 இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகன் ராபர்ட் நொக்ஸையும் பிடித்துச் சென்றனர். மகன் தப்பி வெளியேறியது 1679 இல். அவராவது 1681 இல் அதைப் புத்தகமாக்கினார். சேலையில் சுற்றிப் போன கணினிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

திரையே வராத கணினி பீப் ஒலியால் பேசும். அமி வகைப் பயோஸில் மூன்று குறும் பீப் நினைவகக் கோளாற்றையும், அவார்ட் வகையில் ஒரு நெடிலும் இரு குறிலும் காட்சி அட்டைக் கோளாற்றையும் குறிக்கும். நினைவகக் கோளாறாயின், வாடைக் காலத்து ஈரமும் கச்சான் காலத்துப் புழுதியும் கடலுப்போடு கூடி நினைவக அட்டையின் விளிம்பில் படிந்திருக்கும். பாடசாலைப் பிள்ளையின் அழிறப்பரால் தேய்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமியை ஆக்கிய அமெரிக்கன் மெகாட்ரென்ட்ஸ் நிறுவனத்தை 1985 இல் அமெரிக்காவில் தொடங்கியோர் பாட் சர்மாவும் சுப்பிரமோனியன் சங்கரும் ஆவர். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. நிறுவுநர் பெயரிலேயே முருகன் இருந்தும், வெருகல் சித்திரவேலாயுதரின் அயலிலுள்ள கணினிகளுக்கு அதனால் எச்சலுகையும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பயோஸை அப்டேட் பண்ணினால் எல்லாம் சரியாகும் என்போர் தனியொரு கூட்டம். அப்டேட் என்பது சிப்பின் பழைய நிரலை அழித்துப் புதியதை எழுதுவது; அழித்து முடிந்து எழுதி முடியாத இடைவெளியில் மின்சாரம் போனால், பலகை அன்றோடு பேப்பர் பறக்காமல் வைக்கும் பொருளாகிவிடும். 1999 ஏப்ரல் 26 இல் சீஐஎச் என்ற வைரஸ் பயோஸ் சிப்புகளைக் கெடுத்து உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது அதைப் பேரழிவு என்றனர். யூ.பி.எஸ் இல்லாத மேசையில், மழை இருட்டும் மார்கழிப் பிற்பகலில், அதே காரியத்தை ஒருவர் தம் கையாலேயே செய்ய முற்படும்போது அதற்குத் தொழில்நுட்ப அறிவு என்று பெயர். எட்டுக்கால் சிப்பில் கவ்வியைப் பொருத்தி வெளியிலிருந்து நிரலை மீள எழுதும் கருவி உண்டு; அது யாரிடம் இருக்கிறதோ அவர் எப்போதும் "நாளைக்கு வாங்க தம்பி" என்பார்.

பற்றறியை மாற்றத் துணிவோர் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுக. பற்றறி இருக்கும் வட்டக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள சிறு உலோக நாக்கை நகத்தால் தள்ளினால் பழையது தானே எழும்பும். புதியதை, கூட்டல் குறி பொறித்த முகம் மேலே தெரியும்படி அழுத்துக. பின்னர் கணினியை இயக்கி, டிலீற் விசையால் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, திகதியையும் வன்தட்டு வரியையும் திருத்திச் சேமிக்க வேண்டும். சேமிக்கும் விசை எஃப்10, எஃப்1 அன்று.