வயிறும் ஒரு லக்கேஜ்தான்

உங்கள் பையில் இரண்டு லிட்டர் விஸ்கி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறீர்கள். இது குற்றமா?

எதில் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.

விமானத்திலா? வாருங்கள் ஐயா. 2 லிட்டர் வரை உங்கள் உரிமை. வரி இல்லை, கேள்வி இல்லை. வாங்க மறந்துவிட்டீர்களா? கவலையை விடுங்கள். பெட்டி சுற்றிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறோம். இந்திய மண்ணில் நின்றுகொண்டு, இந்திய வரி கட்டாமல், சீமைச் சரக்கு வாங்கிப் போகலாம். பையும் அவர்களே தருவார்கள்.

நடந்து வந்தீர்களா? பாலத்தைத் தாண்டி, தோளில் துண்டோடு? அப்படியென்றால் கொஞ்சம் ஓரமாக நில்லப்பா.

மேலே 'ஐயா', கீழே 'அப்பா' என்று நான் வேண்டுமென்றே எழுதவில்லை. சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு பேக்கேஜ் விதிகளை எடுத்துப் பாருங்கள். நேபாளம், பூடான், மியான்மரிலிருந்து விமானத்தில் வந்தவருக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது. அதே நாடுகளிலிருந்து தரைவழியே வந்தவருக்கு, அவர் ஏற்கெனவே பயன்படுத்திய சொந்தப் பொருள்கள் மட்டும்தான் வரியில்லாமல் உள்ளே வந்தன. கட்டிய வேட்டி, போட்ட செருப்பு, தேய்ந்த சீப்பு. அவ்வளவுதான். இருப்பவன் பறந்து வருவான், இல்லாதவன் நடந்து வருவான் என்பது டெல்லிக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

பாதி குடித்த பாட்டில் 'பயன்படுத்திய பொருள்' ஆகாதா என்று நம் ஊர்க்காரர் யாராவது கேட்பார். காலி பாட்டில் என்றால் வாதாடிப் பார்க்கலாம். ஆனால் பீகாரில் காலி பாட்டிலுக்குத் தனி வரலாறு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஏப்ரல் 1. பீகார் அரசு நாட்டுச் சாராயத்தைத் தடை செய்த நாளும் அதே ஏப்ரல் 1. நகரங்களுக்கு மட்டும் விட்டுவைத்த சீமைச் சரக்கும் நாலே நாளில் போனது. ஏப்ரல் 5 முதல் பூரண மதுவிலக்கு. முட்டாள்கள் தினத்தன்று இரண்டு அரசுகள் இரண்டு சட்டங்களை நடைமுறைப்படுத்தின. முட்டாளாகப் போவது யார் என்று மட்டும் அறிவிப்பில் போடவில்லை.

இனி எல்லைக்குப் போவோம். பீகாரின் கிழக்குச் சம்பாரண் மாவட்டத்தில் ரக்சௌல். சின்ன ஆறு, மேலே ஒரு பாலம். மைத்ரி பாலம் என்று பெயர். நட்புப் பாலம் என்று பொருள். அந்தப் பக்கம் நேபாளத்தின் பீர்கஞ்ச். பெயரைக் கேட்டதும் சிரிக்காதீர்கள். பீர் ஷம்ஷேர் என்ற ராணா பிரதமரின் பெயரால் வந்த ஊர் அது. வைத்தவருக்கு நம் மொழி தெரியாது. எதிர்காலம் தெரிந்திருக்கிறது.

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையே எல்லை 1,751 கிலோமீட்டர். வேலி கிடையாது. இரு நாட்டுக்காரருக்கும் பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். வயல் இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம் என்று கிடக்கும் பூமி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. அப்படிப்பட்ட எல்லையில் ஒரு பக்கம் மதுக்கடை போர்டு, மறு பக்கம் சிறைக் கதவு. பீகார் தன் கடைகளை மூடியதும் பாலத்தின் அந்தப் பக்கம் வியாபாரம் களைகட்டியது. இதை ஆராய ஒரு கமிஷன் வேண்டியதில்லை. தாகம் எடுத்தவன் எந்தப் பக்கம் நடப்பான் என்று ஆட்டுக்குட்டியைக் கேட்டாலும் சொல்லும்.

சரி, பாட்டிலைத்தானே கொண்டுவரக் கூடாது, அங்கேயே குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தால்? அதுவும் குற்றம். பீகார் சட்டப்படி குடிபோதையில் மாநிலத்துக்குள் இருப்பதே குற்றம். எங்கே குடித்தாய் என்பது பிரச்சினையே இல்லை. ஒரு கருவியை நீட்டுவார்கள். ஊது என்பார்கள். ஊத வேண்டும்.

உலகத்துச் சுங்க அதிகாரிகள் எல்லாம் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பீகாரில் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். வயிறும் ஒரு லக்கேஜ்தான் என்று கண்டுபிடித்த பெருமை நம் நாட்டுக்கு உரியது. அதற்குக் கட்டண விகிதமும் உண்டு. ஆரம்பத்தில் ஆண்டுக்கணக்கில் சிறை. 2018-இல் திருத்தினார்கள்: முதல் தடவை பிடிபட்டால் 50,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் உள்ளே. 2022-இல் மறுபடி திருத்தினார்கள்: 2,000 முதல் 5,000 வரை. ஆறு ஆண்டில் மகாபாவம் மொய்க்கவரின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாவம் குறையவில்லை. சிறையில் இடம் குறைந்துவிட்டது.

நேபாளம் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. இந்தியச் சந்தையில் வாங்கிய பொருள் 100 நேபாள ரூபாயைத் தாண்டினால் வரி என்று அங்கே ஒரு விதி. நம் பணத்தில் 62 ரூபாய் சொச்சம். ரக்சௌலில் பருப்பும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் நேபாளத்துப் பெண்ணின் பையை 2023-இல் பீர்கஞ்சில் கிளறிப் பார்த்தார்கள். ஆக அந்தப் பாலத்தில் ஒருத்தி பருப்பை மறைத்துக்கொண்டு வடக்கே போகிறாள், ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு தெற்கே வருகிறான். நட்புப் பாலம்!

இவ்வளவு கெடுபிடி செய்கிற பீகார் அரசுக்கு மது என்றால் ஆகவே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். நிதிஷ் குமார் 2005-இல் ஆட்சிக்கு வந்தார். கடைகள் பெருகியது அவர் ஆட்சியில். கிராமத்துக்குள் சாராயம் நுழைந்தது அவர் கொள்கையில். கலால் வருமானம் பல மடங்கு ஏறியது அவர் கஜானாவில். பத்தாண்டு ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு தேர்தல் வருடத்தில் பெண்கள் கண்ணீரோடு வந்து கேட்டதும் ஞானோதயம் பிறந்தது. பெண்கள் கேட்டது நியாயம். அடி வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் அவர்கள் கேட்டது புருஷன் வீட்டுக்கு ஒழுங்காக வரவேண்டும் என்று. கிடைத்தது, புருஷனை ஜாமீனில் எடுக்க வக்கீலுக்குக் கொடுக்கும் செலவு.

ஏப்ரல் தடைக்குப் பிறகு வந்த புதிய மதுவிலக்குச் சட்டத்தை அதே 2016-இல் அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தியன்று அமல்படுத்தினார்கள். காந்தி 1917-இல் அவுரி விவசாயிகளுக்காக வந்து நின்றதும் இதே சம்பாரணில்தான். கிழவர் பெயரைச் சொல்லி எதையும் செய்யலாம். அவர் எழுந்து வந்து ஊது என்று சொல்லப் போவதில்லை.

அமலாக்கத்தில் குறை சொல்லவே முடியாது. மோப்ப நாய் வந்தது. ட்ரோன் வந்தது. ஹெலிகாப்டர் வந்தது. ஆற்றுத் திட்டில் ஊறல் பானை தேட விசைப்படகு வந்தது. 2022 ஜனவரியில் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் வந்தது: ஊரில் யார் குடிக்கிறார்கள், யார் விற்கிறார்கள் என்று தகவல் சொல்லுங்கள். பிடித்த பாட்டில்களை என்ன செய்வது? உருக்கி வளையல் செய்ய ஒரு ஆலை வைத்தார்கள். கணவன் உள்ளே, பாட்டில் மனைவியின் கையில்.

இவ்வளவுக்கும் நடுவே 2021 நவம்பர் 30-ஆம் தேதி காலி மது பாட்டில்கள் கிடைத்தன. எல்லையோர வயலில் அல்ல. பாட்னாவில், சட்டமன்ற வளாகத்துக்குள். சட்டம் பிறந்த வீட்டின் முற்றத்தில். நாலு நாள் முன்புதான் அரசு ஊழியர்களும் போலீசாரும் குடிக்கமாட்டோம் என்று மாநிலம் முழுக்கக் கை நீட்டி உறுதிமொழி எடுத்திருந்தார்கள். விசாரணைக்கு உத்தரவானது. அங்கே யாரையும் வாயை ஊதச் சொன்னதாகச் செய்தி இல்லை.

அதற்கும் முன்பு, 2017 மே மாதம். காவல் நிலையக் கிடங்குகளில் இருந்த பறிமுதல் சரக்கு லட்சக்கணக்கான லிட்டர் எங்கே என்று கேள்வி வந்தது. எலி குடித்துவிட்டது என்றார்கள். போலீஸ் சொன்னால் நம்பத்தான் வேண்டும். மூடியைத் திருகி, குடித்து, சத்தம் போடாமல் படுத்துக்கொண்ட எலிகள். ஒரு எலிகூடக் கைதாகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, 2017 ஜூலையில், ஜெகனாபாத் நீதிமன்றம் குடித்த குற்றத்துக்காக முதல் தண்டனையை விதித்தது. மந்திரிக்கு அல்ல, கடத்தல்காரனுக்கு அல்ல. தினக்கூலி வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவருக்கு. ஆளுக்கு 5 ஆண்டு சிறை, ஒரு லட்சம் அபராதம். அவர்கள் முசாஹர் சாதியினர். எலி பிடித்துத் தின்று உயிர் வாழும் நிலைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்ட சனம். குடித்த எலிக்கு மன்னிப்பு. எலியைத் தின்றவனுக்கு ஐந்து ஆண்டு.

இதைப் பார்த்து முதலில் எரிச்சலடைந்தது நீதிபதிகள்தான். ஜாமீன் மனுக்களால் பாட்னா உயர் நீதிமன்றம் திணறுகிறது, இந்தச் சட்டம் முன்யோசனை இல்லாமல் செய்தது என்று இந்தியாவின் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2021 டிசம்பரில் சொன்னார். 2024-இல் பாட்னா உயர் நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. போலீசுக்கும் கலால் துறைக்கும் இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதில் பெரும்பணம் இருக்கிறது என்றது. நீங்களும் நானும் டீக்கடையில் சொன்னால் வம்பு. நீதிமன்றம் சொன்னால் தீர்ப்பு. பணம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

நமக்கு இதில் சிரிக்கும் தகுதி உண்டா என்றால், அதுவும் இல்லை. இங்கே தமிழ்நாட்டில் 2003-இலிருந்து அரசே மதுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. கடை தெருவுக்குத் தெரு இருந்தும் 2024-இல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் பலி கொடுத்தோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து பின்னலாடைக் கம்பெனியில் உழைக்கும் இளைஞன் சனிக்கிழமை சாயங்காலம் டாஸ்மாக்கில் ஒரு குவார்ட்டர் வாங்குகிறான். அவன் தமிழ்நாட்டுக் கஜானாவின் மதிப்புக்குரிய வாடிக்கையாளர். அதே குவார்ட்டரோடு ரயிலேறி ஊர் போய் இறங்கினால் குற்றவாளி. எல்லைக்கு நேபாளம் வரை போகவே வேண்டாம். ரயில் பெட்டிக்குள்ளேயே ஒரு சுங்கச்சாவடி கடந்து போகிறது.

பாலத்தைத் தாண்டக் காசு இருப்பவன் பீர்கஞ்சில் குடிக்கிறான். அதைவிடக் காசு இருப்பவன் பாங்காக்கில் குடித்துவிட்டு, 2 லிட்டரோடு டெல்லியில் இறங்குகிறான். காசே இல்லாதவன் எங்கே போவான்? ஊருக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் கிடைப்பதைக் குடிக்கிறான். 2022 டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் அப்படிக் குடித்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சட்டமன்றத்தில் கேட்டபோது முதல்வர் சொன்ன ஆறுதல்: குடித்தால் சாவுதான். இழப்பீடு கிடையாது.

அடுத்த ஏப்ரலில் மறுபடி செத்தார்கள். இந்த முறை ரக்சௌல் இருக்கும் அதே கிழக்குச் சம்பாரணில். இப்போது அரசுக்கு மனம் இளகியது. செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் தருகிறோம் என்றார்கள். ஒரே நிபந்தனை. செத்தவர் குடித்துத்தான் செத்தார், நாங்கள் மதுவிலக்கை ஆதரிக்கிறோம் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

செத்தவரின் கையெழுத்து தேவையில்லை. அந்தச் சலுகை உண்டு.