சம்மன் வந்தால் ஏழை

கல்யாணத் தரகரிடம் கொடுத்த பயோடேட்டாவையும், விவாகரத்து வழக்கில் அதே மாப்பிள்ளை தாக்கல் செய்யும் எதிர்மனுவையும் அருகருகே வைத்துப் படித்திருக்கிறீர்களா? முதல் தாளில் மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம், சொந்த வீடு, கார், ஊரில் தென்னந்தோப்பு. இரண்டாவது தாளில் வேலை தற்காலிகம், வீடு தாயார் பெயரில், கார் நண்பருடையது, தோப்பில் பங்காளித் தகராறு. முதல் தாளை நம்பித்தான் பெண் வீட்டார் நகை போட்டார்கள், மண்டபம் பிடித்தார்கள். இரண்டாவதைப் படித்தால் நமக்கே சட்டைப்பையைத் துழாவி நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்கத் தோன்றும்.

ஒரு மனிதனை வறுமைக்கோட்டுக்குக் கீழே தள்ளப் பஞ்சமோ வெள்ளமோ வரவேண்டியதில்லை. குடும்ப நல நீதிமன்றத்துச் சம்மன் ஒன்று போதும்.

வறுமையோடு கூடவே தாய்ப்பாசமும் பொங்கிவிடும். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு "அண்ணனக் கேளுங்க" என்று போனை வைத்தவர், எதிர்மனுவில் வயதான பெற்றோரின் ஒரே ஊன்றுகோல் ஆகிவிடுவார். வீட்டை அம்மா பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த தேதியைப் பாருங்கள். சம்மன் கைக்கு வந்த தேதிக்குப் பக்கத்திலேயே இருக்கும். எல்லாம் தற்செயல்!

இந்து திருமணச் சட்டம், 1955. பிரிவு 24. வழக்கு முடியும்வரை, போதிய வருமானம் இல்லாதவர் சாப்பிடவும் வழக்கு நடத்தவும் மற்றவர் பணம் தரவேண்டும் என்கிறது. இது சலுகையல்ல, தீர்ப்புமல்ல. யார் மேல் தப்பு என்று பிறகு பார்ப்போம், முதலில் உலை கொதிக்கட்டும் என்கிற சின்ன ஏற்பாடு. கணவனும் கேட்கலாம். கை கால் திடமாக உள்ள சில வீரர்கள் கேட்டும் இருக்கிறார்கள். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 60 நாளைக்குள் இயன்றவரை மனுவை முடிக்கவேண்டும் என்று 2001இல் திருத்தமும் வந்தது.

அந்த அறுபது நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். முதல் வாய்தா: சம்மன் சேரவில்லை, கதவு பூட்டியிருந்தது; அறுபது இன்னும் தொடங்கவே இல்லை. அடுத்தது: வக்காலத்து போட அவகாசம். அதற்கடுத்தது: கவுண்டர் போட அவகாசம். பிறகு சீனியர் ஹைகோர்ட்டில் இருக்கிறார். பிறகு நீதிபதி விடுப்பு, பிறகு வக்கீல்கள் புறக்கணிப்பு, பிறகு ஒருமுறை சமரசம் பேசிப்பாருங்களேன் என்று மேலே ஓர் அறைக்கு அனுப்புவார்கள். வராந்தா பெஞ்சில் மனு போட்டவள் காலை பத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை கேஸ் கட்டை மடியில் வைத்து அதன் மேல் வீட்டுப்பாடம் எழுதுகிறது. பன்னிரண்டரைக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். உள்ளே போய் நிற்பதற்குள் அடுத்த மாதத் தேதி சொல்லியாகிவிட்டது. அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு. ஜீவனாம்சம் கேட்டு வந்தவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நம் சட்டத்தின் தாராள மனசுக்கு ஒரு வரலாறே உண்டு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு கட்டியிருந்தது. அரிசி விலை ஏறியது, அமைச்சர் சம்பளம் ஏறியது; மத்தியச் சட்டத்தில் அந்த ஐந்நூறு மட்டும் 2001 வரை அசையவில்லை. ஜீவனாம்சம் கேட்டு வழக்குப் போட்ட ஷா பானு என்ற முஸ்லிம் பெண்மணிக்கு முதலில் மாஜிஸ்திரேட் போட்டது மாதம் 25 ரூபாய். கணவர் வக்கீல்! மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்த இருபது காசை எந்தச் செலவுக்கென்று கணக்குப் போட்டார்களோ! அந்தத் தொகையை 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததும் நாடே இரண்டுபட்டது. மாதம் நூற்றெண்பது ரூபாய்கூட இல்லை, அதற்கு அவ்வளவு கூச்சல்.

இடைக்கால ஜீவனாம்சத்துக்கென்றே உச்ச நீதிமன்றம்வரை போனவர்களும் உண்டு. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2013இல் மனு போட்டபோது கைக்குழந்தையாக இருந்த பையன், 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தபோது ஏழு வயதைத் தாண்டியிருந்தான். நாளைக்குச் சோறு வேண்டும் என்ற மனுவுக்கு ஏழு வருஷம். நீதிமன்றமே நொந்துபோய் விதிகள் வகுத்தது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் ஒளிக்காமல் எழுதவேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். நல்ல விதிகள்தான். விளைவு? தமிழில் புனைகதை வற்றிவிட்டது என்று வருந்துகிறவர்கள் குடும்ப நல நீதிமன்றத்துப் பதிவறையில் போய்த் தேடலாம். "கையில் காசில்லை, அத்தை வீட்டில் சாப்பிடுகிறேன்" என்று சத்தியம் செய்தவரின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் பாங்காக் கடற்கரை தெரிகிறது.

"படிச்சவதானே, வேலைக்குப் போகட்டுமே" என்பது அடுத்த ஆயுதம். இதைச் சொல்கிறவர் யார்? "கொழந்தைய யாரு பாப்பா, வேலைய விடு" என்று ராஜினாமாக் கடிதத்தைப் பக்கத்தில் நின்று எழுத வைத்த அதே ஆள். எட்டு வருஷம் அடுப்படியில் கழித்தவள் இன்று பழைய சான்றிதழைத் தூக்கிக்கொண்டு இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கவேண்டுமாம். சம்பளத்தை மறைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். இல்லையென்று யார் சொன்னது? அந்தப் பிரமாணப் பத்திரம் அவர்களுக்கும்தான். ஆனால் நாலு வயதுப் பிள்ளையுமா சம்பளத்தை மறைக்கிறது?

2024 டிசம்பரில் கோவைக் குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் மூட்டைகளோடு வந்தார். இரண்டு லட்சம் இடைக்கால ஜீவனாம்சத்தில் எண்பதாயிரத்தை ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார். நோட்டாக மாற்றி எடுத்து வாருங்கள் என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு ஜெய்ப்பூரிலும் ஒருவர் 55,000 ரூபாயை இப்படித்தான் மூட்டைகட்டி வந்தார். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ஆயிரம் ரூபாய்வரைதான் செல்லும் என்கிறது 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். எண்பதாயிரம் என்றால் எல்லாமே இரண்டு ரூபாயாக இருந்தால்கூட நாற்பதாயிரம் காசு. கடை கடையாக ஏறிச் சில்லறை கேட்டு, எண்ணி, மூட்டை கட்டி, ஏற்றி இறக்கி... அந்த வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். மூட்டையில் இருந்த செய்தி மட்டும் ஊருக்கே கேட்டது: பொறுக்கிக்கோ. அந்த வீடியோவைப் பார்த்து "செம மாஸ்ணே" என்று கை தட்டியவர்களின் வீட்டிலும் பெண் பிள்ளைகள் இருப்பார்கள்.

வேலை இல்லை என்ற பாட்டும் செல்லாது. உடல் நன்றாக இருந்தால் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்று என்று 2022இல் அஞ்சு கார்க் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனாலென்ன, தீர்ப்பு டெல்லியில், நம்மாள் திண்ணையில்.

இந்தக் கொடிய வறுமைக்கு ஒரே ஒரு மருந்துதான் இதுவரை வேலை செய்திருக்கிறது. மாஜிஸ்திரேட் உத்தரவுப்படி பணம் கட்டாவிட்டால் வாரண்ட், பாக்கியுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை. உள்ளே போய் வந்தாலும் பாக்கி பாக்கிதான். காலை பதினொரு மணிக்குக் கான்ஸ்டபிள் வாசலில் வந்து நிற்கட்டும். ஐந்து மணிக்குள் தாயார் பெயரில் வீடு உள்ளவரும், நண்பரின் கார் ஓட்டுகிறவரும், அத்தை வீட்டில் சாப்பிடுகிறவருமான அந்த ஏழை, பதினான்கு மாதப் பாக்கியைப் புது ஐந்நூறு ரூபாய்க் கட்டாக மேசைமேல் வைப்பார். ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்வார். வருகிற மாதத்துத் தொகை தன் சக்திக்கு மீறியது, குறைத்துக் கொடுங்கள் என்று ஒரு மனுவும் போட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவார்.