ராஜாவும் கம்பி விட்டுத்தான் போனார்

மதுரைக்கு விருந்தாளி வந்தால் நாலு வாசல் கோபுரத்தையும் காட்டி, ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவோம். ராயகோபுரத்தைக் காட்ட மாட்டோம். புது மண்டபத்துக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் ஆரம்பித்து, முடியாமல் நின்றுபோனது அது. முடிந்திருந்தால் மற்ற கோபுரங்களெல்லாம் அதன் முன்னால் தம்பிகளாகியிருக்கும். அடித்தளத்தின் அகலமே சொல்லும். ஐம்பதடி உயர நிலைக்கால்கள் வானத்தைப் பார்க்க, கீழே பாத்திர வியாபாரம். குடத்துக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டும் அம்மாள் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்த்தால் பேரம் போய்விடும்.

நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். திருச்சியிலிருந்த தலைநகரை மதுரைக்கே கொண்டுவந்து, 1636-ல் மஹாலையும் எழுப்பினார். அதன் செங்கலுக்கு மண் தோண்டிய பள்ளம்தான் வண்டியூர்த் தெப்பக்குளம் என்பார்கள். நம் சாலை காண்ட்ராக்டர்கள் தோண்டுவதும் குளமாகத்தான் ஆகிறது. தெப்பம் விடத்தான் ஆளில்லை.

மஹால் முடிந்ததும் தஞ்சாவூர் ராணியிடம் பெருமையாகக் காட்டினாராம். "எங்கப்பா வீட்டு மாட்டுக்கொட்டகை இதைவிட நல்லா இருக்கும்" என்றாளாம் அவள். கோபத்தில் கத்தி பாய்ந்தது, புது மண்டபத்தில் ராணி சிலையின் தொடையில் தெரியும் வடு அதுதான் என்பது கதை. இத்தனை பருமனான தூண்களை நிறுத்திய மனிதருக்கு ஒரே ஒரு வார்த்தை தாங்கவில்லை, பாருங்கள். கதை நிஜமோ பொய்யோ, பிறந்த வீட்டுப் பெருமைக்கு முன் எந்த மஹாலும் நிற்காது; எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது நிரூபணமாகிறது.

பிறகு பேரன் சொக்கநாதர் வந்தார். தலைநகரைத் திரும்பவும் திருச்சிக்கு மாற்றினார். தாத்தாவின் மஹாலில் பெரும்பகுதியை உடைத்து, வேண்டியதைப் பெயர்த்துக்கொண்டு போனார். 1866-ல் சென்னை கவர்னராக வந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்ததால், நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்க மிச்சம் கொஞ்சம் தப்பியது. குளத்தையும் அரைகுறைக் கோபுரத்தையும் மட்டும் பேரன் தொடவில்லை. பள்ளத்தை எந்த வண்டியில் ஏற்றுவது?

என் மாமா ஒருவர் ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டினார். ரிட்டயர்மென்ட் பணம் தரைத்தளத்தோடு தீர்ந்தது. ஆனாலும் மொட்டை மாடியில் ஒவ்வொரு தூணுக்கும் நாலு கம்பியை மூன்றடி நீட்டி விட்டிருக்கிறார். "பையன் மேல எடுப்பான்" என்றார். பையன் பெங்களூரில் ஃபிளாட் எடுத்தான். முன்பணத்துக்கு அப்பாவின் பேங்க் டெபாசிட்டை உடைத்துக்கொண்டு போனான். சொக்கநாதர் கதை அவனுக்குத் தெரியாது, படிப்பெல்லாம் கம்ப்யூட்டர்.

கம்பி துருவேறுகிறது என்று மாமா சிமெண்ட் பால் பூசி, நுனியில் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். மேலூர் சாலை, அழகர்கோவில் சாலை, எங்கே பார்த்தாலும் மாடிக்கு மாடி இந்த ராயகோபுரங்கள்தான். எல்லாவற்றுக்கும் ஒரு பையன் உண்டு. எல்லாப் பையனும் வெளியூரில்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர், "சார், இந்தக் கம்பிய அறுத்து எடைக்குப் போட்ரலாமே" என்றார். மாமா பதில் பேசாமல் யானைமலையைப் பார்த்தார். அத்தைதான் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்:

"அறுத்துப்புட்டா துணிக்கொடிய எதுலப்பா கட்டுறது?"