ரிப்போர்ட் கருவியை டேட்டாபேஸோடு இணைப்பது எப்படி?

‘கனெக்‌ஷன் சக்ஸஸ்ஃபுல்’ என்று பச்சையில் வர வேண்டும். அவ்வளவுதான் லட்சியம், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் டிபிஏ பாடு. போஸ்ட்கிரெஸை வைத்துச் சொல்லித் தருகிறேன். மற்ற டேட்டாபேஸ்களையும் இதே கையால் கெடுத்துக்கொள்ளலாம்.

1. ரிப்போர்ட்டுக்கென்று தனி யூசர், அதற்கு செலக்ட் உரிமை மட்டும் என்று யாராவது சொன்னால் தலையாட்டுங்கள். அவர் டீ குடிக்கப் போனதும் ‘போஸ்ட்கிரெஸ்’ சூப்பர்யூசரையே போட்டுவிடுங்கள். ‘பர்மிஷன் டினைடு’ என்ற பேச்சே இருக்காது. படிக்க மட்டுமே தெரிந்த கருவிக்கு டேபிளையே அழிக்கும் அதிகாரம் எதற்கு? நாளைக்குத் தேவைப்பட்டால் யார் அலைவது!

2. பாஸ்வேர்டு: கம்பெனி பெயர், ஒரு அட் குறி, 123. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு பின் செய்யுங்கள். ஆரக்கிளில் ஸ்காட் என்ற யூசருக்கு டைகர்தான் பாஸ்வேர்டு என்பது ஒரு காலத்தில் ஊருக்கே தெரியும். எஸ்க்யூஎல் சர்வரில் ‘எஸ்ஏ’ கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காதவர்களைத் தேடித் தேடி 2002 மே மாதம் ஒரு புழு புகுந்தது. நீங்கள் ஏதோ ஒன்றாவது வைத்திருக்கிறீர்கள், வளர்ச்சிதான்.

3. அந்தப் பாஸ்வேர்டை கான்ஃபிக் ஃபைலில் அப்படியே எழுதி கிட்டில் ஏற்றுங்கள். யாராவது முறைத்தால் அடுத்த கமிட்டில் அழித்துவிடுங்கள். பழைய கமிட்டில் பத்திரமாக இருக்கும்.

4. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ வருகிறதா? எர்ரரை முழுதாகப் படிக்காதீர்கள். லிசன் அட்ரஸில் நட்சத்திரம் போடுங்கள். பிறகு பிஜி_ஹெச்பிஏ ஃபைலைத் திறங்கள். யார், எங்கிருந்து, எந்த முறையில் உள்ளே வரலாம் என்று வரிவரியாக எழுதும் இடம் அது. சர்வர் மேலிருந்து படித்துக்கொண்டு வந்து, முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். எனவே உங்கள் வரி உச்சியில் இருக்கட்டும்: ஆல், ஆல், 0.0.0.0/0, ட்ரஸ்ட். ட்ரஸ்ட் என்றால் பாஸ்வேர்டே கேட்காது. இரண்டாம் படியில் பட்ட பாடு வீண்தான், போகட்டும். ஃபயர்வாலில் 5432ஐயும் திறந்து, ‘டெஸ்டிங் முடிகிற வரைக்கும்’ என்று குறிப்பு எழுதுங்கள். தேதி போட்டுவிடாதீர்கள்.

5. எஸ்எஸ்எல்லை அணையுங்கள்.

6. விண்டோஸ்காரர்கள் ஓடிபிசிக்கு வாருங்கள். 64 பிட் ஓடிபிசி நிர்வாகி சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64ல் இருக்கும். இரண்டுக்கும் ஃபைல் பெயர் ஓடிபிசிஏடி32தான். இந்தக் குழப்பத்தை மைக்ரோசாஃப்டே செய்து கொடுத்துவிட்டது. நாம் அதன்மேல் கட்ட வேண்டியதுதான். ஒன்றில் சிஸ்டம் டிஎஸ்என் உருவாக்கிவிட்டு, மற்ற பிட்டில் ஓடும் கருவியில் போய்த் தேடுங்கள். காணோமா? அங்கேயும் ஒன்று உருவாக்குங்கள், அதே பெயரில். ஒன்று டெஸ்ட் சர்வருக்குப் போகட்டும், இன்னொன்று லைவுக்கு.

7. ரெப்ளிகா ஒன்று சும்மா கிடக்கும். அதைத் தொடாதீர்கள், இரண்டு விநாடி பின்தங்கியிருக்குமாம், எம்டிக்கு இந்த விநாடியின் விற்பனைதான் வேண்டும். லைவிலேயே இணைத்து, டாஷ்போர்டை நிமிடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் ஆக விடுங்கள். போஸ்ட்கிரெஸ் கைபடாத நிலையில் 100 கனெக்‌ஷன்தான் தரும். அதிலும் கடைசி 3, நெருக்கடியில் டிபிஏ உள்ளே நுழைவதற்காக சூப்பர்யூசருக்கு ஒதுக்கியது. முதல் படியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு இங்கேதான் பலன்: உங்கள் கருவியும் சூப்பர்யூசர், அந்த 3ஐயும் அதுவே எடுத்துக்கொள்ளும். மாசக் கடைசியில் பில்லிங் வெளியே நிற்கும். திறக்க வந்த டிபிஏவும் பக்கத்திலேயே நிற்பார். எம்டி அறையில் கிராஃப் மட்டும் ஜோராக ஓடும்.

8. இதே இணைப்பை எக்செல்லில் பாஸ்வேர்டோடு சேமித்து, கேட்டவருக்கெல்லாம் மெயிலில் அனுப்புங்கள். வேலையை விட்டுப் போனவருக்கும் ஒரு காப்பி.

9. ஒருநாள் இன்வாய்ஸ் டேபிளில் ஆயிரக்கணக்கான வரிகள் காணாமல் போகும். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். முன்வரிசையில் உட்காருங்கள். லாகைக் காட்டச் சொல்லி நீங்களே முதல் ஆளாகக் கேளுங்கள். அழித்த யூசரின் பெயர் போஸ்ட்கிரெஸ் என்றிருக்கும். அந்தப் பெயரில் ஹெச்ஆர் ரிஜிஸ்டரில் யாரும் இல்லை.