இறுவட்டு எழுதுமுன் பதம் பார்த்தல்: குடாநாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அரிசிக்கு மட்டுமே செல்லும். ஒரு முழு இறுவட்டின் உள்ளடக்கத்தை ஒரே கோப்பாக அடக்கிய ஐஎஸ்ஓவுக்குச் செல்லாது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். 80 நிமிட இறுவட்டில் 360,000 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 2,048 பைட் தரவு. 359,999 வெந்து ஒன்று வேகாமல் கிடந்தாலும் மென்பொருள் நிறுவல் பாதியில் நின்றுவிடக்கூடும்.

ஆய்வுக்களம், 2002இல் தென்னிலங்கையோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்து 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்படும் வரையான யாழ்ப்பாணம். பாதை வந்தது, தேசிய மின்வலையமைப்பு வரவில்லை. சுண்ணாகத்து மின்பிறப்பாக்கிகள் ஓய்வெடுத்தால் கணினியும் ஓய்வெடுக்கும். வன்தட்டில் அரைகுறையாய் நின்ற ஐஎஸ்ஓவை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். சீடி-ஆரின் சாயத்தில் லேசர் இட்ட சூடோ அழியாது. 2000இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-புரூஃப் நுட்பம், தரவு வரத் தாமதித்தால் பொறுத்திருந்து தொடரும். கரன்ட் வரத் தாமதித்தால் அதற்கும் கைவிரிப்புத்தான்.

2004 அக்டோபரில் உபுண்டு இயங்குதளம் ஐஎஸ்ஓவாக வெளிவந்தது. ஒரு முழு இறுவட்டளவுக் கோப்பை 56 கிலோபிட் மோடத்தில், இணைப்பு ஒருமுறையும் அறாமல் இறக்கினாலே 29 மணி நேரத்துக்கு மேல் செல்லும். அப்படி வந்ததைச் சோதிக்காமல் வட்டில் எழுதுபவரின் துணிச்சல் தனி ஆய்வுக்குரியது.

சோதனை எளிது. ரொனால்ட் ரிவெஸ்ட் 1992இல் வெளியிட்ட எம்டி5, கோப்பின் கடைசி பைட் வரை படித்து 32 எழுத்துக் குறியொன்றைத் தரும். வெளியீட்டாளர் தந்த குறியோடு அது ஒத்தால், கோப்பு வழியில் பழுதாகவில்லை எனலாம். ஆனால் மூலக்கோப்பே பிழையென்றால் பிழையும் பத்திரமாக வந்துசேர்ந்திருக்கும். ஆகவே 2007 முதல் கிடைக்கும் மெய்நிகர் கணினி மென்பொருளான வெர்ச்சுவல்பாக்ஸில் ஐஎஸ்ஓவைப் பூட்டிக் கணினியைக் கிளப்பிப் பார்ப்பது நன்று. வெற்று வட்டுச் செலவு கிடையாது.

கலியாணவீட்டுப் படங்களைத் தாமே ஐஎஸ்ஓவாக்குவோர்க்கு இடர் வேறு. இறுவட்டுக் கோப்பமைப்புத் தரமான ஐஎஸ்ஓ 9660இன் கண்டிப்பான விதியில் கோப்புப் பெயருக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே; தமிழுக்கு இடமில்லை. அதன் நீட்சியான மைக்ரோசாஃப்டின் ஜோலியட் இடம் தருகிறது, 64 குறிகள் வரை. அதில் ‘வட்டுக்கோட்டை’க்கே 13 குறிகள் போய்விடும். மணமக்கள் பெயர், இருவரின் ஊர், மண்டபம் எல்லாம் ஒரே பெயரில் அடுக்கினால் மாப்பிள்ளை பாதியில் வெட்டுப்பட நேரும். ஐஎஸ்ஓவைத் திறந்து பெயர்களை ஒருதரம் வாசித்தால் இது அம்பிடும். வட்டு ரொறன்ரோ போன பிறகு பெரியம்மா தொலைபேசியில் சொல்லித்தான் அறியவேண்டும் என்றில்லை.

வட்டு எழுதும் மென்பொருளான நீரோவில், எழுதுவதுபோல் நடிக்கும் ஒத்திகையும் உண்டு. அது சோதிப்பது கணினியின் வேகத்தைத்தான், கோப்பின் நலத்தையல்ல. ஒத்திகைக்கும் எழுதுவதற்கும் ஒரேயளவு நேரம் பிடிப்பதால், மின்வெட்டை எதிர்பார்த்திருப்பவருக்கு அதை இவ்வாய்வு பரிந்துரைக்காது.

இப்போது தேவை எதிர்த்திசைப் பணி. அலுமாரியில் கிடக்கும் சாமத்தியவீட்டு, கலியாணவீட்டு இறுவட்டுகளின் சாயம் மங்கிக்கொண்டிருக்கிறது. அவற்றை வாசிக்கும் கருவியும் புது மடிகணினிகளில் வருவதில்லை. வாசிக்கக்கூடிய கணினி ஒன்று அயலில் இருக்கும்போதே அவற்றை ஐஎஸ்ஓவாக எடுத்து, திறந்து பார்த்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.