கால் கிலோ சின்ன வெங்காயம்

போன ஞாயிறு தெமோதரையில் ஒரு கடையில் மாஸ்டர் கால் கிலோ சின்ன வெங்காயம் கேட்டார். சம்பலுக்கு. கடைக்காரர் தராசில் அள்ளிப் போட்டபடியே, ரோட்டில் போகிறவருக்கும் கேட்கிற குரலில், "தலைக்கா மாஸ்டர்?" என்றார்.

(மாஸ்டர் யார் என்று தேட வேண்டாம், இதை எழுதுகிறவர்தான். 'நான்' என்று எழுத வெட்கம். அதனால் இந்த ஏற்பாடு.)

அவ்வளவுதான், கடையில் நின்ற அத்தனை பேரும் டொக்டராகிவிட்டார்கள். சாற்றைத்தான் தடவ வேண்டும், சக்கையை அல்ல என்றார் ஒருவர். கரிசலாங்கண்ணி என்றார் அடுத்தவர். செம்பருத்தி, கற்றாழை என்று ஒரு தோட்டமே தலையில் இறங்கியது. மாஸ்டரிடம் கணக்குப் படித்து இரண்டு தரம் பெயிலான பையன், "மொட்டை அடிங்க சேர், டபுளா வரும்" என்றான். மொட்டை அடித்தால் நுனி மழுங்கி முடி தடிப்பாகத் தெரியும். ஒரு வேர்கூடக் கூடாது. கணக்கு இன்னமும் வரவில்லை பையனுக்கு.

வாய் திறக்காதவர் ஒரே ஒரு அம்மா. முப்பது வருடம் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியவர். கயிறு படிந்த இடத்தில் வகிடு போல முடி மெலிந்திருந்தது. ஓயாமல் இழுபட்டால் வேர் நொந்துபோகும். வருடக்கணக்கில் இழுபட்டால் திரும்பியும் வராது. அவருக்கு ஒருவரும் வெங்காயம் சொல்லவில்லை.

எந்தச் சிகிச்சையை எடுப்பது என்று தீர்த்துச் சொல்லிவிடத்தான் அன்றிரவே மாஸ்டர் பேனாவை எடுத்தார். அதற்கு முன் தெமோதரை ரயில் பாதையின் லூப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே 42ஆம் சுரங்கம் போகிறது. எல்ல பக்கமிருந்து வரும் ரயில் ஸ்டேஷனைத் தாண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற ஸ்டேஷனுக்கு அடியிலேயே புகுந்து பதுளைக்கு ஓடும். ஏற்றம் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் கூடாதாம். நேராக இறக்க வழியில்லை. பாதை பதுளையைத் தொட்டது 1924இல். எஞ்சினியர் டி.ஜே. விமலசுரேந்திர வழி தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், துணி சுற்றிவந்து தன் மேலேயே ஏறியதைப் பார்த்து யோசனை பிறந்தது என்பது ஊர்க்கதை. நிஜமோ பொய்யோ, மாஸ்டருக்கு ஒரே ஒரு சந்தேகம். வேலை நேரத்தில், மேலதிகாரிக்கு எதிரே, கங்காணி தலைப்பாகையை ஏன் அவிழ்த்தார்? முடி இருக்கிற தலையில் துணி பிடித்து நிற்கும். வழுக்கையில் வழுக்கும், அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டும். ஆக, வெள்ளைக்காரன் கொட்டிய பணத்துக்கும் நம்மாட்கள் உடைத்த கல்லுக்கும் முன்னால் அங்கே இருந்தது ஒரு வழுக்கை. ஸ்டேஷனில் ஒரு பலகை வைக்கலாம்.

மாஸ்டரின் தலையிலும் ஒரு லூப் உண்டு. இடது காதுக்கு மேலே புறப்படும் நீள முடி உச்சியைச் சுற்றி, வலப்பக்கம் இறங்கி, பின்னால் வந்து, புறப்பட்ட இடத்துக்கு அடியிலேயே நுழையும். தேங்காய் எண்ணெய்தான் பிரேக். எல்லக் காற்று ஒருமுறை வீசினால் மொத்தமும் தடம்புரண்டு தோளில் கிடக்கும். இருபது வருடமாக நடக்கிற சேவை. ஒரு சுற்றுலாப் பயணியும் படம் எடுத்ததில்லை.

சரி, சிகிச்சை. தலையில் ஏறக்குறைய 1,00,000 முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது வழமை. கடும் காய்ச்சலோ பிரசவமோ வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே வளரும். இரத்தச்சோகை, தைரொயிட் என்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். வட்டமாகப் போனால் புழுவெட்டு. வெங்காயச் சாறு கொஞ்சம் பேர் வாங்கியது அங்கேதான்: 2002இல் பாக்தாத் டொக்டர்கள் 38 புழுவெட்டுக்காரர்களை வைத்துப் பார்த்த சின்ன ஆய்வு. மாஸ்டருடையது பரம்பரை வழுக்கை. டெஸ்டோஸ்டெரோனிலிருந்து பிறக்கும் டிஎச்டி வேர்களைச் சுருக்குகிறது. வெங்காயத்துக்கு அது மசியும் என்று யாரும் காட்டவில்லை.

அதற்குப் பொதுவாகத் தருகிற இரண்டு மருந்தும் வேறு வேலைக்கு வந்தவை. மினொக்ஸிடில் இரத்த அழுத்த மாத்திரை. விழுங்கியவர்களுக்குக் கண்ட இடமெல்லாம் முடி முளைக்க, 1988இல் அமெரிக்காவில் தலைக்குத் தடவும் மருந்தாக அனுமதி பெற்றது. முதலில் கொஞ்சம் கொட்டும், பலன் தெரிய நாலு மாதமாவது ஆகும், நிறுத்தினால் வந்த முடி போய்விடும். ஃபினாஸ்டெரைட் புரோஸ்டேட் வீக்கத்துக்கு வந்தது. 1997இல் வழுக்கைக்கும் அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆண்மைக் குறைவு வரும், கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ஆகவே டொக்டரைக் கேட்காமல் வாங்கக்கூடாது.

மாஸ்டர் இதில் எதை எடுத்தார்? பதுளைப் பெரியாஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போகிறேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரயில் ஸ்டேஷனுக்கு அடியில் நுழைவதைத் தினமும் மேலே நின்று பார்க்கிறார்.

அவரைக் கண்டால் மழையைக் கேளுங்கள், கொழுந்து விலையைக் கேளுங்கள். வெங்காயம் மட்டும் வேண்டாம். அந்தக் கால் கிலோவும் வீட்டில் அப்படியே கிடக்கிறது.