எறாவுக்கு ஒரு சீசன் வேண்டும்

அனுப்புநர்:
ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள்,
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, சென்னை.

பொருள்: மேற்படி வட்டார நீர்நிலைகளில் பொழுதுபோக்காக இறால் பிடிக்கப் பருவம் நிர்ணயித்து ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஏதுமில்லை. இதற்கு முன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஐயா / அம்மையீர்,

நாங்கள் மீனவர்கள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூங்கில் கம்பு, நரம்பு, முள், மைதா உருண்டை சகிதம் ஏரிக்கரையில் போய்க் குந்துகிற கூட்டம். பாதிப் பேர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் ரேஷன் கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவர்கள். எங்களுக்குக் கிடைப்பது ஜிலேபி. அது கிடைக்காவிட்டால் இன்னொரு ஜிலேபி. யோகம் இருந்தால் கெண்டை. மழை விட்ட மறுநாள் ஒரு விரால். எறா மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

ஏன் என்று கூடிப் பேசியதில் காரணம் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஏரிகளுக்கு இறால் பருவம் என்று எதுவும் அரசிதழில் வெளியாகவில்லை. பருவம் இல்லாத ஊருக்கு எந்த எறா வரும்? பருவம் இருக்கிற ஊரில் அது வண்டி வண்டியாக இருக்கிறது. எங்கள் கூட்டாளி ஒருவரின் மகன் சியாட்டில் பக்கம் குடியேறியிருக்கிறான். அந்த வாஷிங்டன் மாநிலத்து மீன்வளத் துறை, தூண்டில்காரர்களிடமும் கருத்துக் கேட்டுவிட்டு, பொழுதுபோக்கு இறால் பிடிப்புக்குத் தேதி போடுகிறதாம். ஹூட் கால்வாய் என்ற இடத்தில் மே மாதத்தில் சில நாள், அதுவும் பகலில் நான்கு மணி நேரம்தான். ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 ஸ்பாட் இறால். அதற்கு மேல் ஒன்று ஏறினாலும் குற்றம். கூண்டு இறக்கினால் மேலே மஞ்சள் மிதவை கட்டி, அதில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கூண்டின் ஓரிடத்தில் மக்கிப்போகிற பருத்திக் கயிறு போடவேண்டும். கூண்டு தொலைந்துபோனாலும் கயிறு இற்று வாய் திறந்து, உள்ளே மாட்டியது வெளியே போய்விடுமாம்.

இதைக் கலங்கல் மேட்டில் உட்கார்ந்து கேட்டபோது எங்களில் மூத்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எண்ற அளவுக்கு எறா கீதா அங்க?"

பருவம் குறிப்பது உங்களுக்குப் புதிய வேலை அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 ஆனது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு கடற்கரையிலும் கால் வைத்திருப்பதால் அங்கே சின்னமுட்டத்துப் படகுக்கு ஒரு தடை, குளச்சல் படகுக்கு வேறு தடை. முனையைச் சுற்றிக்கொண்டு போகிற தாய் இறால் எந்தப் பக்கம் எந்தத் தேதியில் முட்டையிடலாம் என்று நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது என்றே நினைக்கிறோம். கடலுக்குள் இவ்வளவு கட்டுப்பாட்டைக் கொண்டுவர முடிந்த துறைக்கு அம்பத்தூர் ஏரி எம்மாத்திரம்?

பொழுதுபோக்குக்காரர்களுக்குத் தனிச் சட்டமா என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதினால், 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். ஊட்டி துரைமார்கள் தங்கள் துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் தாங்களே சங்கம் வைத்து, பருவம், உரிமச்சீட்டு எல்லாம் நடத்தினார்கள். அந்தச் சட்டம் காப்பாற்ற வந்தது உள்ளூர் மீனை அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து மலைத் தண்ணீருக்குப் பழக்கிய மீனை. சீமையிலிருந்து வந்த ட்ரவுட்டுக்குச் சட்டம் உண்டு, பொரிப்பகம் உண்டு. ஏரி எறாவுக்குப் பூர்வீகம் இந்த ஊரே என்பதுதான் அதன் குறைபாடு போலிருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று எங்கள் வட்டாரத்தில் நாங்களாக ஒரு பருவம் வைத்திருக்கிறோம். கலங்கல் வழிந்தால் சீசன் ஆரம்பம். ஐப்பசி, கார்த்திகையில் செம்பரம்பாக்கம் 24 அடியை நெருங்குகிறது என்று செய்தியில் சொன்னதும் பூந்தமல்லியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். உபரிநீர்க் கால்வாயில் வலை, வேட்டி, துப்பட்டா, கொசுவலை எதை விரித்தாலும் ஏதோ ஒன்று துள்ளும். போலீஸ்காரர் லத்தியை ஆட்டி விரட்டுவார். அவருக்கும் இரண்டு கெண்டை எடுத்துவைக்கப்படும். இது கருத்துக் கேட்டு அறிவித்த பருவம் இல்லை, மதகு அறிவித்த பருவம். 2015 டிசம்பரில் அதே மதகு நொடிக்கு 29,000 கன அடி விட்டபோது அடையாற்றங்கரை வீடுகளுக்கு மீன் தானாகவே வந்து சேர்ந்தது. அந்தப் பருவத்தை யாரும் கேட்கவில்லை.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வரும் என்பதும் தெரியும். எறா யாருடையது? ஏரித் தண்ணீர் நீர்வளத்துறையுடையது. மீன் பிடிக்கும் உரிமை குத்தகைதாரருடையது. பருத்திப்பட்டு ஏரியில் மேலே படகுச் சவாரி, கரையில் நடைப்பயிற்சி. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு. அதோடு கூடவே தொழிற்பேட்டைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும். கொரட்டூர் ஏரி விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் வந்துவிட்டது. மாசு என்றால் அதற்கு ஒரு வாரியம், சாக்கடை என்றால் இன்னொரு வாரியம். ஆக எறாவின் மீசை ஒரு துறையிலும் வால் இன்னொரு துறையிலும் கிடக்கிறது. முகப்பேர் ஏரித் திட்டம் என்ற குடியிருப்புப் பகுதியில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே ஏரி இல்லை, திட்டம் மட்டும் இருக்கிறது. வருடம் முழுக்கத் தடைக்காலம் என்று அங்கே ஒரு பலகை வைத்துவிட்டால் போதும். நூறு சதவீதம் அமலாகும்.

இனி உங்கள் விஞ்ஞானிகளின் கவனத்துக்கு ஒரு விஷயம். நன்னீர் இறாலில் பெரியது, நீலக் கால் நீண்டது, ஒரு சுவாரசியமான பிராணி. வளர்வது நல்ல தண்ணீரில். ஆனால் அதன் குஞ்சு உப்பு கலந்த தண்ணீரில்தான் பிழைக்கும். அதனால் தாய் எறா முட்டையை வயிற்றடியில் சுமந்துகொண்டு ஆற்றோடு இறங்கிக் கழிமுகம் வரைக்கும் போகவேண்டும். அங்கே பொரித்த குஞ்சு கொஞ்சம் தேறியதும் தானே ஆற்றில் ஏறித் திரும்பி வரவேண்டும். நமக்கு இருக்கிற ஆறு கூவம். ஆகவே ஆவடிப் பக்கத்து ஒரு கர்ப்பிணி எறாவின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். பருத்திப்பட்டு அணைக்கட்டில் குதித்து, திருவேற்காட்டில் கருமாரியம்மனைக் கும்பிட்டு, நொளம்பூர், மதுரவாயலில் லாரித் தண்ணீர்க்காரர்களைத் தாண்டி, கோயம்பேட்டில் காய்கறிக் கழிவுக்குள் வழி தேடி, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் அருகே தன் உறவினர்கள் கூறுகட்டிக் கிடப்பதைப் பார்க்காத மாதிரி கடந்து, தீவுத்திடலைச் சுற்றி நேப்பியர் பாலத்தடியில் வந்து நின்றால், முன்னால் மணல் திட்டு. முகத்துவாரம் அடைத்திருக்கிறது. ஜேசிபி வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் திரும்பி ஏறி வரப்போகிற குஞ்சுக்கு இரண்டு மாநகராட்சி, ஒரு நகராட்சி எல்லையைக் கடக்கிற வேலை வேறு இருக்கிறது.

இந்த எறாவுக்குத்தான் பருவம் கேட்கிறோம். பருவம் என்றால் அது பிடிபடுகிற நாட்கள் மட்டும்தானா, அல்லது அது போய்வர ஆறு திறந்திருக்கிற நாட்களும் சேர்த்தா என்பதை ஆணையில் தெளிவுபடுத்தினால் நன்று.

மார்க்கெட்டில் எறா இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பெரும்பாலும் வனாமி. லத்தீன் அமெரிக்கப் பசிபிக் கரையில் பிறந்த இனம், 2009-ல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. ஏப்ரல், மே என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. பண்ணைக் குட்டையில் காற்றடித்து, தீனி போட்டு, ஐஸில் படுத்து வருகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எறா என்றால் அதுதான். கேட்டால் ஒரு சைஸ், ஒரு நிறம், ஒரு ருசி என்று சொல்வார்கள், உண்மையும் அதுதான்.

இப்போது கருத்துக் கேட்பு விஷயத்துக்கு வருகிறோம். தூண்டில்காரர்களிடமும் கருத்துக் கேட்டுத் தேதி போடுகிற ஊரை மேலே எடுத்துக் காட்டிவிட்டு, எங்களை முதலில் கேட்காதீர்கள் என்று இங்கே கேட்டுக்கொள்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு எறா கிடைக்காவிட்டால் வீட்டில் சாம்பார் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் தொடையளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி எறா பிடிக்கிற இருளர்களுக்குச் சாம்பார் அப்புறம்தான். அவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை, தூண்டிலும் இல்லை. பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள். விரலில் எறா தட்டுப்பட்டதும் அமுக்கி எடுத்து, வாயருகே இருக்கிற பறிக்குள் போடுகிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் தூண்டிலை உடைத்து அடுப்பில் வைக்கலாம் என்று தோன்றும். ஆண், பெண் பேதமில்லை. கை முழுக்க ஆளி ஓடு கீறிய தழும்பு, இப்போதெல்லாம் உடைந்த பாட்டிலும். தண்ணீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும், அமாவாசைக்கு எறா எந்தச் சேற்றில் ஒதுங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். ஆனால் 61 நாள் தடை விசைப்படகுக்கு. நிவாரணப் பேச்சும் அதை ஒட்டியே. கையால் பிடிப்பவருக்குத் தடையும் கிடையாது, தடையால் வரும் நிவாரணமும் கிடையாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. ஊர்க்காரர்கள் வாளியில் மொண்டு அள்ளினார்கள். அந்தச் சேற்றில் கையை விட முடியாமல் போன நாட்களும் ஒரு தடைக்காலம்தான். அதை அறிவித்தது எந்தத் துறை என்று எங்கள் மூத்தவர் கேட்கச் சொல்கிறார்.

பழவேற்காட்டில் நீங்கள் வருவதற்கு முன்பே ஒரு ஏற்பாடு இருந்தது, பாடு என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பங்கள், முகத்துவாரத்துக்கு அருகே எறா போகிற தடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. அரசாணையோ கையேடோ இல்லாமல் தலைமுறைகளாக ஓடியது. அதற்காக அதைச் சொர்க்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. முறை கிடைப்பது அந்தக் குப்பத்துத் தலைக்கட்டு ஆண்களுக்குத்தான். இருளர் அதில் இல்லை, பெண்கள் இல்லை, பக்கத்து ஊர்க்காரரும் இல்லை. அதனால் சண்டையும் வந்திருக்கிறது. உள்ளூர்க் கருத்து என்றால் உள்ளூரில் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்து என்று ஆகிவிடுகிற ஆபத்து ஊட்டி துரைமாருக்கு இருந்தது போலவே குப்பத்துக்கும் உண்டு. எங்களுக்கும் உண்டு. எங்களில் இரண்டு பேருக்கு மைக் கிடைத்தால் விடமாட்டார்கள்.

எனவே கருத்துக் கேட்புக் கூட்டத்தைக் குளிரூட்டிய அரங்கில் காலை பதினோரு மணிக்கு வைக்காமல், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கழிமுகத்திலேயே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மேடை, பொன்னாடை வேண்டாம். அதிகாரிகள் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு வந்தால் போதும். பறி பிடித்திருப்பவர்கள் முதலில் பேசட்டும். பறியை வாயிலிருந்து எடுக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்து வலைக்காரர்கள், குத்தகைதாரர்கள். நாங்கள் கடைசியில், நேரம் மிஞ்சினால். டீயும் பஜ்ஜியும் எங்கள் செலவு.

கொரட்டூர் ஏரிக்குள் வருகிற சாக்கடைக் குழாய்களை எந்த வாரியம் எந்தத் தேதியில் அடைக்கும் என்பதையும் பருவ அட்டவணையிலேயே சேர்த்து அச்சடித்துவிடுங்கள். தேதி தள்ளிப்போனால் அதுவரை எறா பிடிப்பது தடை என்று எங்களுக்கு ஆணையிடலாம். நாங்கள் மீற மாட்டோம், மீறுவதற்கு வழியும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மேற்படி கரையில் குந்தியிருப்பவர்கள்.

நகல்: நேப்பியர் பாலத்தடியில் காத்திருக்கும் தாய் எறா (மணல் திட்டு அகற்றிய பின் சேர்ப்பிக்கவும்).